மீன் தொட்டிக்குக் கரியமில வாயு: சர்க்கரை ஊறலில் தொடங்கி எலுமிச்சை உப்பில் வந்து நின்ற கதை

கொளத்தூரிலிருந்து ரொட்டாலா என்ற நீர்ச்செடியை வாங்கி வந்து தொட்டியில் நட்ட மூன்றாவது வாரம், அதன் நுனிகள் தீக்குச்சி மருந்து அளவுக்குச் சுருங்கிவிட்டன. கீழ் இலைகள் எண்ணெய்க் காகிதம் போல ஆகி, விரல் பட்டாலே கரைந்தன. ஒரு சாண் தள்ளி வாலிஸ்நேரியா என்ற இன்னொரு செடி மட்டும் அறுகம்புல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஒரே தண்ணீர், ஒரே விளக்கு, ஒரே மண்தான். ஒன்றுக்கு மட்டும் எப்படிச் சாப்பாடு கிடைக்கிறது என்று புரியவில்லை.

தொட்டி பெரிதில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். மண், கல் எல்லாம் போக 55 லிட்டர் தண்ணீர் நிற்கும். பெரம்பூர் வீட்டின் போர் தண்ணீர்தான் அதற்கும். வரிக்குதிரை டேனியோ பன்னிரண்டு, முத்து கௌராமி ஒன்று, கணக்கு வைக்க முடியாத செர்ரி இறால்கள்.

எல்லோரும் செய்யும் தப்பைத்தான் நானும் முதலில் செய்தேன். செடி வாடுகிறது, வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு எல்.இ.டி. பட்டையை வாங்கி மாட்டினேன். பத்தே நாளில் தொட்டி முழுக்கப் பச்சை நூல் பாசி. ரொட்டாலா அப்படியேதான் இருந்தது, இப்போது பாசிப் போர்வையும் சேர்ந்துகொண்டது. இரண்டாவது பட்டையைக் கழற்றிவிட்டு, தண்ணீரைச் சோதிக்க உட்கார்ந்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

கார்பனேட் கடினத்தன்மை, அதாவது கே.எச்., 9 காட்டியது. பி.எச். காலையில் 7.8, விளக்கு அணையும் நேரத்தில் 8.2. இந்த இரண்டு எண்களும் இருந்தால் கரைந்த கரியமில வாயுவை ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். 7இலிருந்து பி.எச்.சைக் கழித்து, வரும் எண்ணை 10க்கு அடுக்காகப் போட்டு, கே.எச்.சாலும் 3ஆலும் பெருக்க வேண்டும். என் தொட்டியில் காலையில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் சொச்சம், மாலையில் 2க்கும் கீழே. செடி நெருக்கமாக இருக்கும் தொட்டியில் 30 வரை கொண்டுபோவார்கள். வெறும் காற்றோடு சமநிலைக்கு வந்த தண்ணீரில் அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் நிற்கும். போதாக்குறைக்கு, இந்த வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையை ஒட்டியிருக்கும் தண்ணீரில் இருப்பதைத் தின்று தீர்த்துவிட்டால், அடுத்த கவளத்துக்குச் செடி காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

வாலிஸ்நேரியாவின் ரகசியமும் இங்கேதான் பிடிபட்டது. வாயு கிடைக்காவிட்டால் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே அது கார்பனை எடுத்துக்கொள்ளும். எங்கள் போர் தண்ணீரில் பைகார்பனேட்டுக்கா பஞ்சம்? அதன் இலைகளில் வெள்ளையாக ஒரு சொரசொரப்பு படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது, உண்மையிலேயே சுண்ணாம்புதான் அது. செடி பைகார்பனேட்டை உறிஞ்ச உறிஞ்ச, கால்சியம் கார்பனேட்டாக இலை மேலேயே படிந்திருக்கிறது. ரொட்டாலாவுக்கு அந்த வித்தை சரியாக வராது. அதற்கு வாயுவாகவே கொடுக்க வேண்டும்.

சரி, கொடுப்போம் என்று ஈஸ்டில் ஆரம்பித்தேன்.

இரண்டு லிட்டர் கூல் டிரிங்க்ஸ் பாட்டில், 200 கிராம் சர்க்கரை, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், கால் டீஸ்பூன் உலர் ஈஸ்ட், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. பாட்டில் கூல் டிரிங்க்ஸ் பாட்டிலாகவே இருக்கட்டும். அது அழுத்தம் தாங்கவே செய்யப்பட்டது, குடிதண்ணீர் பாட்டில் அப்படியல்ல. கண்ணாடி பாட்டில் பக்கம் போகவே வேண்டாம், ட்யூப் அடைத்துக்கொண்டால் வெடிகுண்டுதான்.

ட்யூபுக்கு மெடிக்கல் ஷாப்பில் குளுக்கோஸ் ஏற்றும் செட் ஒன்று வாங்கினேன். அதில் சொட்டு விழும் சின்னக் கூடு இருக்கிறதே, அதில் பாதி தண்ணீர் ஊற்றித் தலைகீழாகக் கட்டினால் குமிழி எண்ணும் கருவி தயார். மூடியில் ட்யூபை விடச் சின்னதாக ஓட்டை போட்டு, ட்யூப் நுனியைச் சாய்வாக வெட்டி உள்ளே நுழைத்து, குறடால் பிடித்து இழுத்தேன். அந்த இறுக்கமே போதும். முதல் தடவை பெரிய ஓட்டையாகப் போட்டுவிட்டுப் பசையால் அடைத்துப் பார்த்தேன். பாட்டில் மூடியின் பிளாஸ்டிக்கில் பசை நிற்காது. காய்ந்த பிறகு ஒரு தட்டு தட்டினால் சோழி மாதிரி கழன்று வருகிறது.

அந்த வாரம் ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். டிவி ஸ்டாண்டுக்குக் கீழே பாட்டில் புளித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் மோந்து பார்த்துவிட்டு, “என்னங்க மாப்பிள்ளை, நடுவீட்டுல ஊறல் போட்டு வச்சிருக்கீங்க?” என்றார். மறுக்க முடியாது, அது ஊறலேதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. 200 கிராம் சர்க்கரை முழுக்கப் புளித்தால் கிட்டத்தட்ட 100 கிராம் வாயு வரும், நம் ஊர் வெப்பத்தில் ஐம்பது லிட்டருக்கு மேல். எனக்கு வேண்டியது வாயு, மீதியைச் சாக்கடையில் கொட்டிவிடுவேன் என்று விளக்கினேன். முழுதாக நம்பிய மாதிரி தெரியவில்லை.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போட்டால் ஈஸ்ட் நன்றாக வளரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒருமுறை போட்டேன். நன்றாகத்தான் வளர்ந்தது. நுரை கழுத்துவரை பொங்கி, ட்யூப் வழியே ஏறி, தொட்டிக்குள் பழுப்பாக இறங்கிவிட்டது. மறுநாள் தொட்டி நீர்மோர் மாதிரி கலங்கியிருந்தது. இரண்டு நாள் தண்ணீர் மாற்றிய பிறகுதான் தெளிந்தது. அப்புறம் நடுவே அரை லிட்டர் பாட்டில் ஒன்றைப் பாதி தண்ணீருடன் வைத்தேன். நுரை வந்தால் அதில் விழும், வாயு மட்டும் மேலே போகும். அதற்கு அடுத்து ஒரு என்.ஆர்.வி., அந்தச் சின்ன ஒருவழி வால்வு. இது இல்லாவிட்டால் ஊறல் ஓய்ந்து அழுத்தம் குறையும்போது தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இழுத்துக்கொண்டு வந்து தரையை நனைக்கும்.

வாயு உண்டாக்குவது சுலபம். அதைக் கரைப்பதுதான் வேலை. ட்யூபை அப்படியே தண்ணீருக்குள் விட்டால் மொச்சைக் கொட்டை அளவுக் குமிழிகள் மேலே போய் உடைந்துவிடும். வாயுவைப் பொடிக் குமிழியாக்கும் பீங்கான் டிஃப்யூசருக்கு ஈஸ்டின் அழுத்தம் போதவில்லை. ட்யூப் முனையில் மூங்கில் குச்சித் துண்டைச் செருகினேன். ஒரு வாரம் அழகாகப் புகை மாதிரி விட்டது, பிறகு குச்சி ஊறி அடைத்துக்கொண்டு, பாட்டில் கல் மாதிரி இறுகிப்போனது. அதைத் தொட்டுப் பார்த்த உடனே மூடியைத் தளர்த்தினேன். கடைசியில் உள் ஃபில்டரின் உறிஞ்சும் வாய்க்குக் கீழே ட்யூபைச் செருகிவிட்டேன். குமிழியை ஃபில்டர் உள்ளே இழுத்து, மோட்டார் இறக்கை அதைப் பொடியாக்கித் தண்ணீரோடு துப்பும். காசு செலவில்லை, அடைப்பும் இல்லை. அந்த நேரத்தில் இதைவிடக் கெட்டிக்காரத்தனம் வேறில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் மாலை ரொட்டாலா நுனிகளிலிருந்து சரம் சரமாகக் குமிழி கிளம்பியது. தண்ணீர் ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும் எல்லையைத் தாண்டிச் செடி விடும் ஆக்சிஜன் அது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தேன். டேனியோக்கள் குமிழியைக் கொத்திப் பார்த்து ஏமாந்துகொண்டிருந்தன.

எவ்வளவு வாயு கரைகிறது என்று தெரிய டிராப் செக்கர் என்ற சின்னக் கண்ணாடிக் குமிழ் ஒன்று வாங்கினேன். உள்ளே ஊற்ற வேண்டிய கரைசலைத் தனியாக விற்கிறார்கள், ஆனால் வீட்டிலேயே செய்யலாம். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரி தண்ணீர் ஒரு லிட்டரில் 1.2 கிராம் ஆப்ப சோடா கரைக்க வேண்டும். அதிலிருந்து 100 மில்லி எடுத்து, இன்னும் 900 மில்லி பேட்டரி தண்ணீர் சேர்த்தால் கே.எச். சரியாக 4 வரும். நேரடியாக 0.12 கிராம் நிறுக்க என்னிடம் தராசு இல்லை என்பதால்தான் இந்தச் சுற்று வழி. அதில் பி.எச். சோதனை பாட்டிலின் புரோமோதைமால் புளூ மூன்று சொட்டு. நீலமாக இருந்தால் வாயு குறைவு, இளம்பச்சை என்றால் 30ஐ ஒட்டி, எலுமிச்சை மஞ்சள் என்றால் ஆபத்து. ஒரே ஒரு சங்கடம், இப்போது காட்டும் நிறம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம். அவசரப்பட்டு வாயு அளவை மாற்றினால் இரண்டு தடவை மாற்றியதாகிவிடும்.

நிறத்தைத் தினமும் பார்க்க ஆரம்பித்ததும் ஈஸ்டின் குணம் தெரிந்துவிட்டது. புதுப் பாட்டில் வைத்த இரண்டாம் நாள் மஞ்சளை நெருங்கும், ஐந்தாம் நாள் நல்ல பச்சை, எட்டாம் நாள் நீலம். மார்கழியில் இரண்டு வாரம் ஓடிய பாட்டில் சித்திரையில் ஆறு நாளில் ஓய்ந்தது. இந்த ஏற்ற இறக்கத்தில் கல் விளிம்பிலும் ஃபில்டர் வாயிலும் கறுப்புத் தாடிப் பாசி பிடித்தது. இரண்டு பாட்டில்களை நாலு நாள் இடைவெளியில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஓரளவு சமனானது.

அப்புறம் அந்த ராத்திரி. புதுப் பாட்டில் வைத்த மறுநாள். இரண்டு மணி வாக்கில் கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும்தான், தொட்டி பிளக் அதில் இல்லை. நாங்கள் தூங்கிக்கொண்டே இருந்தோம். ஐந்தரைக்கு எழுந்து பார்த்தால் டேனியோக்கள் எல்லாம் தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. கௌராமி மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போவது வழக்கம், அதன் உடலமைப்பே அப்படி. அதைப் பார்த்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். டேனியோ அப்படி நிற்கவே நிற்காது. டிராப் செக்கர் பழுத்த எலுமிச்சை நிறம்.

ட்யூபைப் பிடுங்கினேன். போர் தண்ணீரில் குளோரின் இல்லாததால் யோசிக்காமல் இரண்டு பக்கெட் எடுத்துவிட்டு இரண்டு பக்கெட் ஊற்றினேன், உயரத்திலிருந்து, சளசளவென்று. பரணில் கிடந்த பழைய ஏர் பம்பை எடுத்துப் போட்டேன். இருபது நிமிஷத்தில் பெரும்பாலானவை கீழே இறங்கிவிட்டன. மூன்று டேனியோ பிழைக்கவில்லை. இறால்கள் எத்தனை போயின என்று தெரியாது, காலியான ஓடு எது, செத்தது எது என்று பிரித்துப் பார்க்க மனசு வரவில்லை.

எனக்குக் குழப்பமாக இருந்தது கரண்ட் திரும்பி வந்த நேரம். அடுப்படி மைக்ரோவேவ் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கி 2 மணி 40 நிமிஷம் காட்டியது. அதாவது மூன்று மணிக்கு முன்பே கரண்ட் வந்துவிட்டது. பிறகு ஏன் ஐந்தரைக்கு இந்த நிலை? ஃபில்டரில் கை வைத்ததும் விடை கிடைத்தது. மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் ஈஸ்ட் விட்ட வாயு முழுக்க ஃபில்டர் வயிற்றுக்குள் தேங்கி, இறக்கை தண்ணீர் இல்லாமல் வாயுவில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மேல்மட்டத்தில் அலையே இல்லை. இரவில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். வாயுவை ஃபில்டர் வாயில் செருகிய என் கெட்டிக்காரத்தனம்தான் கொன்றது. கரண்ட் போனாலும் விளக்கு அணைந்தாலும் ஈஸ்டுக்குத் தெரியாது, அதை நிறுத்த ஒரு பொத்தான் கிடையாது.

நிறுத்தத் தெரிந்த ஒன்று வேண்டும் என்று தேடினேன். சிலிண்டர் வைத்தால் பிரச்சினையே இல்லை என்பார்கள். விலை ஒரு பக்கம், எங்கள் ஹால் இன்னொரு பக்கம். கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்காது. மே மாத மதியம் எங்கள் ஹால் 34ஐத் தொடும். ‘திரவம் இருக்கும்வரை மீட்டர் அசையாது’ என்ற பாடமெல்லாம் குளிர் ஊருக்குத்தான் பொருந்தும். அவ்வளவு அழுத்தத்தை இரண்டு வயதுப் பையன் நடமாடும் இடத்தில் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்தான்) ஆப்ப சோடாவும் இரண்டு பாட்டிலில் வைத்து ஓட்டும் மூடி செட் இரண்டாயிரத்துக்குள் கிடைத்தது. அழுத்த மீட்டர், பாதுகாப்பு வால்வு, வாயுவைத் துளித்துளியாக அளந்து விடும் ஊசி வால்வு, கரண்டில் திறக்கும் சோலனாய்டு வால்வு எல்லாம் அதிலேயே இருக்கின்றன. ஒரு பாட்டிலில் எலுமிச்சை உப்புக் கரைசல், மற்றதில் சோடா. அமிலம் சொட்டினால் சோடா பாட்டிலில் வாயு பொங்கும். அந்த அழுத்தம் அமிலப் பாட்டிலுக்கும் போய் இரண்டும் சமமானதும் சொட்டுவது நின்றுவிடும். நாம் வாயுவை எடுக்க எடுக்க சோடா பாட்டிலில் அழுத்தம் குறையும், இன்னும் கொஞ்சம் அமிலம் தள்ளப்படும். எடுக்காவிட்டால் வேலையே நடக்காது. எனக்கு வேண்டியது இதுதான்.

கூடவே வந்த காகிதத்தில் இரண்டும் 200 கிராம் போடச் சொல்லியிருந்தது. கணக்குப் போட்டால் 200 கிராம் சோடாவுக்கு 152 கிராம் எலுமிச்சை உப்பு போதும், மீதி வீண். நான் 160 போடுகிறேன். உப்பை 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கரைத்த பிறகே மூட வேண்டும். கரையாத பருக்கை உள்ளே போகும் ட்யூபில் மாட்டினால் ஒரு நாள் வேலை கெடும். சோடாவில் 200 மில்லி ஊற்றுகிறேன், அது முழுதும் கரையாது, சேறாக இருந்தால் போதும். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடரைத் தவறி வாங்கிவிடாதீர்கள், அதில் மாவும் கலந்திருக்கும்.

கிளப்புவதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. ஊசி வால்வை மூடிவிட்டு, அமிலப் பாட்டிலை மெல்ல ஒரு பிடி பிடிக்க வேண்டும். ட்யூபில் ஒரு விரற்கடை நீளம் அமிலம் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். உடனே விட்டுவிட வேண்டும். மறுபக்கம் சோடா ‘ஸ்ஸ்’ என்று சீறும், மீட்டர் முள் எழும்பும். அது அடங்கியதும் இன்னொரு பிடி. இப்படி நாலைந்து பிடியில் முள் ஒன்றரைக்கு வந்துவிடும். முதல் நாள் ஆர்வத்தில் அழுத்திப் பிடித்துவிட்டேன். பாதுகாப்பு வால்வு கத்திய கத்தலில் பக்கத்து அறையில் தூங்கிய பையன் எழுந்துவிட்டான்.

மறுநாள் காலையில் முள் அரைக்கு இறங்கியிருந்தது. மூடி, இணைப்பு எல்லாவற்றிலும் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரைப் பழைய பிரஷ்ஷால் தடவினேன். அமிலப் பாட்டில் மூடியின் ஓரத்தில் மட்டும் கடுகு கடுகாகக் குமிழி. கழற்றிப் பார்த்தால் வாஷருக்கும் பாட்டில் வாய்க்கும் நடுவே ஒரு எலுமிச்சை உப்புப் பருக்கை! புனல் இல்லாமல் கொட்டியதன் பலன். துடைத்துப் பூட்டியதும் முள் அசையவில்லை. சிலிக்கான் ட்யூப் வழியாகவும் இந்த வாயு கசியும் என்பதால் அதை மாற்றி, கெட்டியான பாலியூரித்தேன் ட்யூப் போட்டேன்.

விளக்கு மதியம் 2 முதல் இரவு 9 வரை. சோலனாய்டு 12.30க்குத் திறந்து 8க்கு மூடும். செடி விழிக்கும்போது வாயு தயாராக இருக்கும், விளக்கு அணையும்போது குறையத் தொடங்கியிருக்கும். கரண்ட் போனால் சோலனாய்டு தானாக மூடிக்கொள்ளும். தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும், அது இயல்புதான். ஃபில்டர் வாயிலிருந்து ட்யூபை எடுத்துவிட்டுப் பீங்கான் டிஃப்யூசர் வைத்தேன், இந்த அழுத்தத்துக்கு அது நன்றாகப் பொடிக் குமிழி விடுகிறது. ஃபில்டர் தண்ணீர் அதன் மேல் படும்படி திருப்பி வைத்தால், குமிழி எதிர் மூலை வரை போகிறது. நொடிக்கு ஒரு குமிழி என்று வைத்தபோது பி.எச். 7க்கு வந்து நின்றது, என் கே.எச்.சுக்கு அது 27 மில்லிகிராம். ஒருமுறை நிரப்பினால் 24 நாள் ஓடுகிறது. ஈஸ்ட் காலத்து நீலம், பச்சை, மஞ்சள் ஆட்டமெல்லாம் இல்லை. புதிதாகத் தாடிப் பாசியும் பிடிக்கவில்லை, பழையதைக் கல்லிலிருந்து சுரண்டி எடுத்தேன்.

செடி வேகமெடுத்ததும் வேறொரு பசி கிளம்பியது. ஹைக்ரோஃபிலா என்ற மற்றொரு செடியின் முதிர்ந்த இலைகளில் குண்டூசியால் குத்திய மாதிரி ஓட்டைகள், ஓரத்தில் மஞ்சள். பொட்டாசியம் போதாததன் அடையாளம். உரக்கடையில் பொட்டாசியம் சல்பேட் வாங்கி வாராவாரம் கொஞ்சம் கரைத்து ஊற்றுகிறேன், புது இலைகள் முழுசாக வருகின்றன. ரொட்டாலாவை இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை வெட்ட வேண்டியிருக்கிறது. நுனியில் லேசாகச் சிவப்பு ஓடுகிறது.

ஏர் பம்பை ஒன்பதரையிலிருந்து காலை ஆறு வரை டைமரில் போட்டிருக்கிறேன், ஃபில்டர் பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றியாயிற்று. இந்த வாரம் தண்ணீர் 31 டிகிரி. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும், மீனுக்கோ அதிகமாகத் தேவைப்படும். அதனால் ஊசி வால்வை மயிரிழை அளவு மூடி, மூன்று நொடிக்கு இரண்டு குமிழி என்று வைத்திருக்கிறேன். ஃபில்டர் வாயையும் ஒரு விரல் உயர்த்தி, மேல்மட்டம் சலசலக்கும்படி திருப்பிவிட்டேன். நேற்று மாலை டிராப் செக்கர் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் நின்றது. ஆவணி பிறக்கும்வரை அப்படியே நிற்கட்டும்.